ஒன்பதாம் வகுப்பில் போட்டுவிட்டார்களே என்று வருந்தும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தென்காசிப் பக்கம் தமிழ் வழியில் படித்துப் பத்தாம் வகுப்பில் 400-க்கு மேல் மார்க் வாங்கிய பெண், நியூயார்க் வந்து நான்கு மாதமாக வகுப்பில் வாயே திறப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ இன்டர்நேஷனல் ஹைஸ்கூலுக்கு மாற்றச் சொல்ல, "அது இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகள் படிக்கிற இடம், அங்கே போனால் முத்திரை குத்திவிடுவார்கள்" என்று உறவினர் தடுத்திருக்கிறார். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் கிடைத்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

உங்கள் குவீன்ஸ் பகுதியில்தான் இந்த வகைப் பள்ளி தொடங்கியது. 1985-ல் லாங் ஐலண்ட் சிட்டியில், லகார்டியா கம்யூனிட்டி கல்லூரி வளாகத்திலேயே முதல் பள்ளியைத் திறந்தார்கள். பிறகு மன்ஹாட்டன், புரூக்ளின், பிராங்க்ஸ் என்று பரவி, கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட், சான் ஃபிரான்சிஸ்கோ வரை போய்விட்டது. எல்லாம் அரசுப் பள்ளிகள், கட்டணம் கிடையாது. அமெரிக்கா வந்து நான்கு ஆண்டுக்குள் இருக்கிற, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கென்றே வைத்த இடங்கள். உங்கள் மகள் அங்கே விதிவிலக்காக இருக்க மாட்டாள். அங்கே எல்லோருமே அவளைப் போலத்தான்.

நான் ஒருமுறை அப்படியொரு அறிவியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மேசைக்கு நான்கு பேர். ஒருத்திக்கு ஸ்பானிஷ், ஒருவனுக்கு வங்காளம், மற்ற இருவருக்கும் அரபு. தண்ணீரில் எது மிதக்கும், எது மூழ்கும் என்று சோதித்துக் காரணம் எழுத வேண்டும். அரபுப் பிள்ளைகள் தங்களுக்குள் அரபில் வாதாடி விடையைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் மற்ற இருவருக்கும் அதைச் சொல்ல ஆங்கிலத்தை விட்டால் வழியில்லை. அரபு பேசுகிற பையன் இரும்புக் கட்டியையும் மரக்கட்டையையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்து, "சேம் சைஸ்... நாட் சேம் ஹெவி" என்றான். டீச்சர் இலக்கணத்தைத் திருத்தவில்லை. பக்கத்தில் வந்து "டென்சிட்டி" (அடர்த்தி) என்ற ஒற்றைச் சொல்லைப் பலகையில் எழுதிவிட்டுப் போனார். அந்தச் சொல் அந்தப் பையனுக்கு இனி மறக்காது.

இதுதான் அவர்கள் முறை. முதலில் ஆங்கிலம், அப்புறம் பாடம் என்று பிரிப்பதில்லை. கணக்கு வாத்தியாரும் வரலாற்று டீச்சரும் அவரவர் பாடத்தின் வழியாகவே மொழியைக் கற்றுக்கொடுக்கிறார்கள். தாய்மொழியில் யோசிக்க, குறிப்பெழுதத் தடை கிடையாது. உங்கள் மகளின் தமிழுக்கு அங்கே வேலை இருக்கிறது.

அங்கே பள்ளிப் படிப்பை முடித்ததும் தருகிற சான்றிதழான டிப்ளமோ மட்டமானதோ என்று கேட்டிருக்கிறீர்கள். மற்ற அரசுப் பள்ளிகள் தருகிற அதே நியூயார்க் மாநில டிப்ளமோதான், பாடங்களில் தேறிச் சேர்க்க வேண்டிய கிரெடிட்டும் அதே 44. வேறுபாடு தேர்வில் இருக்கிறது. இந்தப் பள்ளிகள் பலவற்றில் ரீஜென்ட்ஸ் என்கிற மாநிலப் பொதுத்தேர்வுகளில் ஆங்கிலத்தை மட்டும் எழுதினால் போதும். மற்ற ரீஜென்ட்ஸுக்குப் பதிலாக ஓர் இலக்கியக் கட்டுரை, ஒரு சமூக அறிவியல் ஆய்வு, சொந்தமாகச் செய்த பரிசோதனை, ஒரு கணக்கு வேலை என்று தயாரித்து, ஆசிரியர்கள் முன்னால் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. உண்மையில் இதுதான் கஷ்டமான வழி. வாய் திறக்காத பிள்ளைக்கு நல்ல வழியும் இதுதான்.

ஒன்பதாம் வகுப்பில் போட்டதை அவமானமாக நினைக்கிறீர்கள். நியூயார்க்கில் 21 வயது நிறைகிற கல்வியாண்டு முடியும் வரை அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்கலாம். அவளுக்கு இப்போது 16. கையில் ஐந்து ஆண்டு இருக்கிறது. முன்பு என்னிடம் வந்த ஒரு அப்பா, பையனுக்கு 17 ஆகிவிட்டதென்று பள்ளியில் சண்டை போட்டு நேராக மேல் வகுப்பில் சேர்த்தார். பையன் எப்படியோ டிப்ளமோ வாங்கினான். கல்லூரிக்குப் போன பிறகு ஒரு பத்தி எழுதத் தடுமாறி, சேர்ந்த படிப்பை விட்டுவிட்டு மறுபடி ஆங்கில வகுப்பில் உட்கார்ந்தான். மிச்சம் பிடித்த ஒரு வருஷத்தைப் போல இரண்டு மடங்கு அங்கே போனது. அதை நான் தடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்காகப் பத்தாம் வகுப்பு வீண் என்று விட்டுவிடாதீர்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் இரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு பள்ளியின் ஆலோசகரான கவுன்சலரிடம் கொடுத்து, எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தருவார்கள் என்று கேளுங்கள். முடிவு தலைமையாசிரியர் கையில். கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து தர மாட்டார்கள்.

ஆண்டு நடுவில் பள்ளி மாற்றுவது சுலபமில்லை. பள்ளிச் சேர்க்கையைக் கவனிக்கிற நகரக் கல்வித்துறை அலுவலகமான ஃபேமிலி வெல்கம் சென்டருக்கு நேரில் போய்க் கேளுங்கள். அவள் ஒன்பதாம் வகுப்பை முதல் முறை படிப்பதால், அடுத்த ஆண்டுப் பத்தாம் வகுப்புக்கும் முறையாக விண்ணப்பிக்கலாம். விசா விவரம் கேட்பார்களோ என்ற பயம் வேண்டாம். குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. முகவரி, வயது, தடுப்பூசிச் சான்றுகளை எடுத்துப் போங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தயவுசெய்து மகளை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தன் குறையைத் தானே அம்மாவுக்கு எடுத்துச் சொல்கிற நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

குறை இல்லாத பள்ளி இல்லை. இவை சின்னப் பள்ளிகள். கல்லூரித் தரத்தில் நடத்துகிற ஏபி வகுப்புகள் குறைவு. தமிழ் பேசுகிற தோழி கிடைக்காமல் போகலாம். ரயிலில் தினமும் தூரம் போக வேண்டியிருக்கும். ஆங்கில வழியில் சரளமாகப் படித்த பிள்ளையென்றால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அவளுக்கு நர்ஸ் ஆக ஆசை என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும் அம்மா! நர்ஸிங் சேர்க்கையில் போட்டி கடுமை. உயிரியல், வேதியியல், கணக்கு மூன்றிலும் இப்போதிருந்தே பிடி தளரக் கூடாது. நான் சொன்ன அதே லகார்டியா கல்லூரியில் நர்ஸிங்கில் அசோசியேட் டிகிரி என்கிற இரண்டாண்டுப் பட்டப் படிப்பு இருக்கிறது. இன்டர்நேஷனல் பள்ளிகள் பலவற்றில் மேல் வகுப்பில் இன்டர்ன்ஷிப் உண்டு. மருத்துவமனை அல்லது கிளினிக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கட்டும். டிப்ளமோவில் இருமொழித் திறனுக்கு மாநிலம் வைக்கிற முத்திரை ஒன்றும் உண்டு. தமிழுக்கு அதை எப்படி வாங்குவது என்றும் விசாரிக்கட்டும்.

இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலைத் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இறக்கிக்கொள்ளுங்கள். பாடங்கள் ஒரே வரிசையில் இருக்கும். அவள் ஏற்கெனவே படித்து மார்க் வாங்கிய ஒரு பாடத்தை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.