சிட்டி ஹால் கல்யாணம்: தாலி கட்டலாம், தரகர் வேண்டாம்

கேள்வி: நானும் என் வருங்காலக் கணவரும் ஃப்ரீமான்டில் வேலை பார்க்கிறோம். ஊரில் முகூர்த்தம் அடுத்த தை மாதம்தான் அமைகிறது. அதற்கு முன் சான் பிரான்சிஸ்கோ சிட்டி ஹாலில் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள இருக்கிறோம். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் வருகிறார்கள். நண்பர்களையும் சேர்த்தால் பன்னிரண்டு பேர். அங்கேயே மஞ்சள் கயிறு கட்ட முடியுமா? நல்ல படங்கள் கிடைக்க எந்த நேரம் சரி? ஏற்பாடு செய்து தருவதாக ஒருவர் "நேரம் பிடிப்பது, போட்டோ பெர்மிட், படிக்கட்டு எல்லாம் சேர்த்து 900 டாலர்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மூன்றில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை.

நேரத்தை நீங்களே கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) கிளார்க் அலுவலக இணையதளத்தில் பதிவு செய்யலாம். தொண்ணூறு நாளுக்கு முன்னாலிருந்து தேதிகள் திறக்கும். ஒரு போட்டோகிராபர் கேமராவைக் கையில் பிடித்து உங்கள் இருவரையும் எடுக்கப் பெர்மிட்டே தேவையில்லை. படிக்கட்டு பொதுக் கட்டடத்தின் பொது வழி. அதை யாரும் உங்களுக்காக மட்டும் வாங்கித் தர முடியாது. கல்யாண லைசென்ஸ் (சடங்குக்கு முன் அரசிடம் வாங்கும் அனுமதி) கட்டணமும் சடங்குக் கட்டணமும் சேர்ந்தாலும் அந்த 900-ல் மூன்றில் ஒரு பங்கு வராது. மிச்சம் எதற்கு? நீங்கள் பத்து நிமிஷத்தில் நிரப்பும் படிவத்தை அவர் நிரப்புவதற்கு. சிலர் நல்ல தேதிகளை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு விற்பதும் உண்டு. பதிவிலுள்ள பெயரை உங்கள் பெயருக்கு மாற்றும் இடத்தில் அது சிக்கும், பணமும் போகும். போட்டோகிராபருக்குக் கொடுங்கள், அது உழைப்புக்கான கூலி. வரிசையில் நிற்பதற்கு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பன்னிரண்டு பேர் விஷயத்தில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கிளார்க் அலுவலகம் நடத்தும் சடங்குக்கு மணமக்கள் தவிர ஆறு பேருக்கு மேல் அனுமதி இல்லை. குழந்தையும் கணக்கு, போட்டோகிராபரும் கணக்கு. பெற்றோர் நால்வர், போட்டோகிராபர் ஒருவர் போக ஒரே ஓர் இடம் மிஞ்சும். சாட்சிக் கையெழுத்தை அப்பாக்களில் ஒருவர் போட்டுவிடலாம், ஆக அந்த ஆறாவது இடத்தை நாத்தனாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். பன்னிரண்டு பேரும் நின்றே ஆக வேண்டுமென்றால் கட்டடத்தின் நிகழ்ச்சிப் பிரிவில் ஒரு மணி நேரக் கல்யாணம் என்று தனியாக உண்டு. நூறு பேர் வரை வரலாம். வாடகை ஆயிரம் டாலரைத் தாண்டும், நடத்தி வைப்பவரையும் நீங்களே அழைத்து வர வேண்டும். ஊரில் முகூர்த்தம் இருக்கும்போது அந்தச் செலவு அவசியமில்லை. நண்பர்கள் சடங்கு முடிந்தபின் படத்துக்கு வந்து சேரட்டும்.

அடுத்தது, பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம். நீங்கள் பதிவு செய்ய வேண்டியது ஒரு நேரம் அல்ல, இரண்டு. லைசென்ஸுக்கு ஒன்று, சடங்குக்கு ஒன்று. சடங்குக்கு மட்டும் பதிவு செய்துவிட்டுப் பட்டுப்புடவையோடு வந்து கவுன்ட்டரில் நின்று கலங்குகிறவர்களுக்குக் குறைவில்லை. ஒரே அலுவலகம் தரும் இரண்டு சேவைக்கு ஏன் இரண்டு பதிவு என்று கேட்டால் பதில் கிடையாது, முறை அப்படி. லைசென்ஸை வேறொரு நாளில் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். இருவரும் நேரில் போக வேண்டும், பாஸ்போர்ட் போதும். தொண்ணூறு நாள் செல்லும். பொது லைசென்ஸ் கலிபோர்னியாவின் எந்தக் கவுண்ட்டியில் வாங்கினாலும் மாநிலம் முழுக்கச் செல்லும் என்பதால், நீங்கள் ஓக்லாந்தில் அலமேடா கவுண்ட்டி அலுவலகத்திலேயே வாங்கலாம். ஆனால் பிறகு சான்றிதழ் நகலையும் அலமேடாவில்தான் கேட்க வேண்டும், சான் பிரான்சிஸ்கோவில் கேட்டால் கைவிரிப்பார்கள். 'ரகசிய லைசென்ஸ்' என்று ஒன்றைக் காட்டிச் சாட்சி வேண்டாம், வேலை சுலபம் என்பார்கள். அது ஏற்கெனவே சேர்ந்து வாழ்பவர்களுக்கானது. உங்களுக்குப் பொது லைசென்ஸ்தான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. இதற்குத்தான் உங்கள் கவனம் முழுக்க வேண்டும். லைசென்ஸ் படிவத்தில் 'கல்யாணத்துக்குப் பிறகு பெயர்' என்று ஒரு கட்டம் வரும். நம்மவர்கள் அங்கே ஊர் வழக்கப்படி கணவர் பெயரை எழுதப் பார்ப்பார்கள். கலிபோர்னியாவின் 2007-ம் ஆண்டுப் பெயர்ச் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. முதல் பெயரை மாற்ற முடியாது. நடுப்பெயரும் கடைசிப் பெயரும்தான் மாறும். கடைசிப் பெயராக எடுக்கக்கூடியது துணைவரின் கடைசிப் பெயர், அல்லது இருவரில் ஒருவரின் பிறப்புக் கடைசிப் பெயர், அல்லது அவற்றின் சேர்க்கை.

ஓர் உதாரணம் வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை பெயர் கார்த்திக், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அவர் அப்பா பெயர் ராமசாமி. பெண் பெயர் மீனா, சர்நேம் அவள் அப்பா பெயர் சுந்தரம். ஊரில் மீனா சுந்தரம் 'மீனா கார்த்திக்' ஆவாள், இனிஷியல் எஸ் போய் கே வரும். இங்கே கார்த்திக் என்பது முதல் பெயர், ஆகவே அதை எடுக்க முடியாது. எடுக்க முடிந்தது 'மீனா ராமசாமி'. அதாவது மாமனார் பெயர் மருமகளுக்குக் கடைசிப் பெயராகிவிடும். அப்படி வேண்டுமென்றே எழுதுபவர்களும் உண்டு, அது அவரவர் விருப்பம். தெரியாமல் எழுதிவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது. சட்டம் எதையும் மாற்றச் சொல்லவில்லை. கட்டத்தை நிரப்பாமல் விட்டால் பழைய பெயரே நீடிக்கும். கல்யாணம் தானாகப் பெயரை மாற்றாது. இந்திய பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைத் துணைவர் கட்டத்தில் சேர்க்கச் சர்நேம் மாற வேண்டிய கட்டாயமும் இல்லை.

இன்னும் ஒரு சிக்கல், சர்நேம் கட்டமே காலியாக இருக்கும் பாஸ்போர்ட். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களின் முழுப் பெயரும் கடைசிப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு' என்று விழுந்திருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. உங்களில் யாருக்காவது அப்படி இருந்தால், கவுன்ட்டரில் தட்டச்சு தொடங்கும் முன்பே பாஸ்போர்ட், விசா, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் வைத்துப் பேசுங்கள். மூன்றிலும் மூன்று விதமாகப் பெயர் இருப்பது நம்மவர்களுக்கு வழக்கம், கிளார்க்குக்கு அது புதிது. அச்சிட்ட தாளைக் கையெழுத்துக்கு நீட்டும்போது எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள், பெற்றோர் பெயர்களையும் அப்படியே. எழுத்துப் பிழையைப் பின்னால் திருத்த மாநிலப் பதிவுத் துறைக்குப் போய் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்தது தவறு என்றால் அந்த வழியும் அடைபட்டது, நீதிமன்றம்தான்.

தாலிக்கு வருகிறேன். அரசு ஆணையர் நடத்துவது மதம் சாராத சிறு சடங்கு. ஒவ்வொரு அரை மணிக்கும் ஜோடிகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பார்கள், உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிஷத்துக்குள்தான். பெரிய படிக்கட்டின் உச்சியில், இந்நகர அரசியல்வாதி ஹார்வி மில்க்கின் சிலை இருக்கும் ரொட்டுண்டா என்ற வட்டக் கூடத்தில், பெரும்பாலும் நின்றபடியே நடக்கும். வருகையைப் பதியும்போதே "மோதிரம் மாற்றும் இடத்தில் ஒரு கயிறும் கட்டுகிறோம், அரை நிமிஷம்" என்று ஆணையரிடம் சொல்லிவிடுங்கள். கேட்காமல் நடுவில் ஆரம்பிக்காதீர்கள்.

அந்த அரை நிமிஷத்தை வீட்டில் ஒத்திகை பாருங்கள். நின்றுகொண்டு கட்டும்போது மாலை கயிற்றை மறைக்கும், பூ வைத்த பின்னல் முடிச்சு விழும் இடத்திலேயே கிடக்கும். மாலையைத் தாலிக்குப் பிறகு மாற்றுங்கள். நாத்தனார் ஒரு கையால் பின்னலைத் தூக்கிப் பிடிக்கட்டும், மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனாரே போட்டுவிடலாம். ஆறாவது இடம் அவருக்கு என்றது இதற்குத்தான். கயிற்றின் நுனிகளில் மஞ்சள் புதிதாகப் பூசியிருந்தால் வழுக்கும், முந்தின நாளே காயவைத்து எடுத்து வாருங்கள்.

எதையும் தூவக் கூடாது, இது கட்டட விதி. அட்சதைக்கும் ரோஜா இதழுக்கும் சேர்த்துத்தான். அப்பா அம்மா கையில் அட்சதைப் பொட்டலம் இருந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், அவர்கள் கை தானாக உயரும். நெருப்பு கிடையாது, குத்துவிளக்கும் கற்பூரமும் வேண்டாம். குங்குமச் சிமிழைத் திறந்தபடி பளிங்குத் தரையில் நடமாடாதீர்கள். வாசலில் உலோகச் சோதனை உண்டு. ஒட்டியாணம், வளையல், புடவை ஊசிகள் எல்லாம் ஒலி எழுப்பும், அதற்கே கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பூ நறுக்கும் கத்திரியைப் பையில் போட்டு வராதீர்கள்.

நேரம்: புதன் அல்லது வியாழன், காலை 9.30. கட்டடம் 8 மணிக்குத் திறக்கும். திறந்தவுடன் உள்ளே போய்ப் படிக்கட்டுப் படங்களை முதலில் எடுத்துவிடுங்கள், அந்த நேரத்தில்தான் அது காலியாக இருக்கும். பத்து மணிக்கு மேல் ஐந்தாறு ஜோடிகள் அதே படியில் முறை வைத்து நிற்பார்கள். செவ்வாய் மதியம் 2 மணிக்கு நகர மன்றமான மேற்பார்வையாளர் சபை கூடும், கட்டடம் நிறையும். வெள்ளி எப்போதுமே நெரிசல். மாலையில் தனியார் விருந்து இருந்தால் மதியமே மேஜைகளும் விளக்குகளும் வந்து ரொட்டுண்டாவை அடைத்துவிடும். ஃப்ரீமான்டிலிருந்து பார்ட் ரயிலில் சிவிக் சென்டர் நிலையம் வந்தால் பார்க்கிங் கவலையும் இல்லை.

போட்டோகிராபரிடம் சொல்ல வேண்டியவை சில. 1915-ல் கட்டிய மாளிகை, குவிமாடம் முந்நூறு அடிக்கு மேல். கூரையில் ஃப்ளாஷைத் திருப்பி அடித்தால் வெளிச்சம் திரும்பி வராது. கிடைக்கும் வெளிச்சத்திலேயே எடுக்கட்டும்: எஃப் 2.8 அல்லது அதற்கும் திறந்த லென்ஸ், ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. பளிங்குச் சுவர் வெளிறிய நிறம் என்பதால் கேமரா ஏமாந்து நம் முகங்களைக் கருக்கிவிடும், வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் கூட்ட வேண்டும். கூட்டும்போது அரக்குப் பட்டின் சிவப்பு வெந்துபோகிறதா என்று ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியாகப் பார்க்கட்டும். வெந்தால் ஜரிகைக் கோடே தெரியாது. விளக்குகள் மஞ்சள், மேலிருந்து வரும் பகல் வெளிச்சம் நீலம். ஆட்டோ வெண்சமநிலை படத்துக்குப் படம் தாவும், 4000 கெல்வின் அளவில் நிறுத்தி ரா கோப்பில் எடுப்பது நல்லது. ஊரிலிருந்து வரும் உறவுக்காரரே கேமரா பிடிக்கிறார் என்றால் ஒன்று கூடுதல்: இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஊரில் பழகிய 1/100 வேகத்தில் எல்இடி வெளிச்சத்தில் வரிவரியாக விழலாம், 1/125 வைக்கச் சொல்லுங்கள். ஓசையில்லா ஷட்டரும் அதே வரிகளைக் கொண்டுவரும்.

தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றால் படத்தில் சட்டைதான் இருக்கும். போட்டோகிராபர் ஆணையரின் தோளை ஒட்டி, மணப்பெண் பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். மாப்பிள்ளை முழங்கைகளைத் தாழ்த்தி வைத்தால் பெண்ணின் முகம், இரண்டு கைகள், கயிறு மூன்றும் ஒரே சட்டத்தில் வரும். படிக்கட்டில் உச்சிப்படியில் நிற்காதீர்கள், குன்றிமணி போலத் தெரிவீர்கள். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஏறி, முந்தானையை இரண்டு படிக்கு விரித்துவிட்டு நில்லுங்கள். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் உள்பக்கம் விழும், நேராகப் பிடித்துக் கீழே மிஞ்சும் தரையை வெட்டிக்கொள்ளலாம். நெருங்கிய முகப்படங்களுக்கு நான்காம் மாடியின் வளைவு ஜன்னல்கள். அங்கே ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்றால் போதும், வேறு விளக்கே வேண்டாம்.

சடங்கு முடிந்ததும் கையில் சான்றிதழ் கிடைக்காது, வீட்டுக்குத் தானாகவும் வராது. லைசென்ஸ் பதிவாகச் சில வாரங்கள் ஆகும், அதன் பிறகு லைசென்ஸ் வழங்கிய கவுண்ட்டியில் விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். மூன்று வாங்குங்கள். ஒன்று விசா வேலைகளுக்கு, ஒன்று பத்திரமாக வீட்டில், ஒன்று கலிபோர்னியா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாகத் தரும் சான்று) பெற்று ஊருக்குக் கொண்டுபோக. அந்த முத்திரைக்கும் இருநூறு முந்நூறு டாலர் கேட்டு யாராவது வருவார்கள். தபாலில் நீங்களே அனுப்பலாம், ஆவணம் ஒன்றுக்கு 20 டாலர்தான்.