கேள்வி–பதில்: மொழியைக் கேட்காத கணக்கெடுப்பு

போன இதழில், பெல்ஜியத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மொழியைக் கேட்பதில்லை என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த வாரம் முழுக்க அவற்றுக்கே.

கீழக்கரை வாசகி: என் மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் எல்லாரும் டச்சு பேசினார்களாம், ரயில் ஏறி பிரஸ்ஸல்ஸ் போனால் எங்கும் பிரெஞ்சாம். ஒரே நாடுதானே? எந்த மொழிக்காரர் எத்தனை பேர்?

ஒரே நாடுதான் அம்மா. மொத்தம் சுமார் 1 கோடியே 18 லட்சம் பேர். வடக்கே பிளாண்டர்ஸில் ஏறக்குறைய 68 லட்சம் பேர் இருக்கிறார்கள், ஆட்சிமொழி டச்சு, ஆண்ட்வெர்ப் அங்கேதான் இருக்கிறது. தெற்கே வலோனியாவில் சுமார் 37 லட்சம் பேர், அங்கே பிரெஞ்சு. அதன் கிழக்கு ஓரத்தில் முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிடமிருந்து வந்த ஒரு சின்னப் பகுதியில் மட்டும் ஜெர்மன், அங்கே 80 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள். பிரஸ்ஸல்ஸில் பன்னிரண்டரை லட்சம் பேர். அங்கே டச்சும் பிரெஞ்சும் சட்டப்படி சமம், தெருவில் பிரெஞ்சுதான் மிகுதி, உங்கள் மகன் கேட்டது சரி.

ஆனால் நான் கொடுத்தது எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற கணக்குதான். நீங்கள் கேட்ட மொழிவாரிக் கணக்கு அந்நாட்டு அரசிடமே இல்லை. டச்சு 60 சதவீதம், பிரெஞ்சு 40 சதவீதம் என்று அங்கங்கே படிப்பதெல்லாம் மதிப்பீடு. வீடு வீடாகப் போய் மொழியைக் கேட்டு எழுதியது 1947இல், அதோடு சரி.

தொண்டி வாசகர்: நம் ஊரில் சென்சஸ் எடுக்க வருகிற ஆசிரியர் தாய்மொழி என்ன, வேறு என்ன மொழி தெரியும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார். இதில் என்ன வம்பு? ஏன் விட்டுவிட்டார்கள்?

நம் ஊரில் அந்தப் பதிலால் உடனே எதுவும் மாறுவதில்லை. ஒரு தெரு முழுக்க உருது என்று எழுதினாலும் பேரூராட்சி அலுவலகத்தில் தமிழ்தான் நடக்கும். பெல்ஜியத்தில் அப்படி இல்லை. 1932இல் வந்த சட்டப்படி, மொழி எல்லையை ஒட்டிய ஊர்களில் கணக்கெடுப்பு முடிவுதான் ஊரின் ஆட்சிமொழியைத் தீர்மானித்தது. இன்னொரு மொழிக்காரர் 30 சதவீதத்தைத் தொட்டால் அவர்கள் மொழியிலும் சேவை தர வேண்டும், பாதியைத் தாண்டிவிட்டால் ஊரின் மொழியே மாறும். ஆக, படிவத்தை நிரப்புவது ஓட்டுப் போடுவது மாதிரி ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் பிரெஞ்சுதான் மேல்தட்டு மொழி, உத்தியோகத்துக்கும் உயர்படிப்புக்கும் அதுதான் வழி, அதனால் வீட்டில் டச்சு வழக்குப் பேசிக்கொண்டே படிவத்தில் பிரெஞ்சு என்று எழுதியவர்கள் இருந்தார்கள் என்பது டச்சு பேசுகிறவர்களின் குற்றச்சாட்டு. 1947 முடிவுகளை வெளியிடவே 1954 ஆகிவிட்டது. வெளியானதும் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய எவேரே, கான்ஸ்ஹோரன், பெர்ஹெம் மூன்றும் டச்சுப் பகுதியிலிருந்து இருமொழிப் பகுதிக்குப் போயின. அடுத்த கணக்கெடுப்பு வந்தபோது வடக்கே பல மேயர்கள், மொழிக் கேள்வி இருக்கும் படிவத்தை விநியோகிக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். 1961இல் அந்தக் கேள்வியைச் சட்டம் போட்டே நீக்கினார்கள், 1962இல் மொழி எல்லையை நிரந்தரமாகக் கோடு கிழித்து நிறுத்தினார்கள்.

அந்தக் கோடும் எல்லாருக்கும் நிம்மதி தரவில்லை. ஃபூரன் என்று நாலாயிரம் பேர் கொண்ட ஒரு பகுதி. அதை பிரெஞ்சுப் பக்கத்து லீஜ் மாகாணத்திலிருந்து டச்சு பேசும் லிம்பர்க்குக்கு மாற்றினார்கள். அங்கே ஜோசே ஹப்பார் என்ற பிரெஞ்சு பேசுகிறவர் மேயரானார், டச்சு தெரியும் என்று நிரூபிக்க மறுத்தார், அந்தச் சண்டை வளர்ந்து 1987இல் மத்திய அரசே கவிழ்ந்தது. நாலாயிரம் பேர் கொண்ட ஊர்ப்பிரச்சினை!

என் கருத்து இது: மொழியைக் கேட்டது தவறே இல்லை. பதிலை வைத்து ஊரின் மொழியை மாற்றுவேன் என்றதுதான் தவறு. எல்லையை நிலைநிறுத்திய பிறகாவது கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். எந்தத் தெருவில் எந்த மொழிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படிப் பள்ளிக்கூடம் திட்டமிடுவது?

பாம்பன் கல்லூரி மாணவர்: மொழிச் சண்டையில் ஒரு பல்கலைக்கழகத்தையே இரண்டாக உடைத்தார்களாமே?

உண்மை. 1425இல் தொடங்கிய லூவன் பல்கலைக்கழகம். டச்சுப் பகுதியில் பிரெஞ்சுப் பிரிவு எதற்கு என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், 1968இல் அரசு கவிழ்ந்தது, பல்கலைக்கழகம் பிரிந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்காக வலோனியாவில் வெறும் நிலத்தில் புதிய ஊரே கட்டினார்கள். நூலகத்தைப் பிரித்த விதம்தான் எனக்கு மனசு வலிக்கிறது: புத்தகத்தின் அடுக்கு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பங்கு போட்டார்கள். ஒரே தொகுதியாகச் சேர்த்து வைத்திருந்த நூல்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போயின. புத்தகத்துக்கு அப்படி ஒரு பாகப்பிரிவினை செய்ய யாருக்கு மனசு வந்ததோ.

ராமேஸ்வரம் கடைக்காரர்: நான் சங்குக் கடை வைத்திருக்கிறேன். வருகிற யாத்ரீகரைப் பார்த்து இந்தி, தெலுங்கு, வங்காளம் என்று பேசுகிறோம். பிரஸ்ஸல்ஸ்காரரும் இப்படித்தானா? அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

அண்ணே, அவர்கள் கடையில் மட்டும் இல்லை, வீட்டிலும் அப்படித்தான். பிரஸ்ஸல்ஸில் மூன்றில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர். மொராக்கோ, துருக்கி, காங்கோ வம்சாவளியினர், போலந்துக்காரர், ருமேனியர் என்று கலந்த ஊர் அது. அப்பா அரபு, அம்மா பிரெஞ்சு, பிள்ளை டச்சுப் பள்ளி என்று இருக்கிற வீடுகளுக்கு ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொன்னால் எங்கே அடிப்பார்கள்? 2011 முதல் அங்கே கணக்கெடுப்புக்கு வீட்டுக்கு ஆள் வருவதே இல்லை, அரசுப் பதிவேடுகளைச் சேர்த்தே எண்ணிவிடுகிறார்கள், பதிவேட்டில் தாய்மொழி என்று ஒரு இடம் கிடையாது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொஞ்சம் பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்கிறார்கள், ஓரளவு தெரிவது அதில்தான். அடையாள அட்டை எந்த மொழியில் வேண்டும் என்று மட்டும் பெல்ஜியக் குடிமக்களிடம் கேட்பார்கள், அதிலும் அந்த ஊரில் டச்சு, பிரெஞ்சு என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.