பாதுகாப்பைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் பயந்து போவார்களா?

கேள்வி: ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள எப்படிச் சொல்லிக் கொடுப்பது? வீட்டுப் பாதுகாப்பிலும் அவர்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். சும்மா வெருட்டினால்தான் பயப்படுவார்கள். ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், நிமிர்ந்து நிற்பார்கள். திருகோணமலையில் எங்கள் வீட்டில் இரவு படலைப் பூட்டைப் பார்ப்பது மகளின் வேலை. (அவள் படுத்த பிறகு நானும் ஒருக்கால் போய் இழுத்துப் பார்ப்பேன், அது வேறு கதை.)

"பிள்ளை பிடிக்கிறவன் வருவான்" என்றுதான் எங்களை வளர்த்தார்கள். ஆனால் பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலானோர் வீட்டுக்குத் தெரிந்தவர்கள். ஆகவே ஆளைப் பார்க்காமல் செயலைப் பார்க்கப் பழக்குங்கள். உள்ளாடை மூடும் இடத்தை ஒருவரும் தொடக்கூடாது. டொக்டர் பார்த்தாலும் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் நிற்க வேண்டும். "அம்மாட்டச் சொல்லாதை" என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இதில் கஷ்டமான இடம் நாங்கள்தான். திருவிழாவுக்கு வந்த பெரியவர் மடியில் இருத்தப் பார்க்கிறார், பிள்ளை நெளிகிறது; "போ, மாமாதானே" என்று தள்ளிவிடுகிறோம். மரியாதை வேண்டும்தான். "அவளுக்குக் கூச்சம் மாமா, வணக்கம் சொல்லுவாள்" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள். அந்த இடத்தில் நீங்கள் வாய் மூடி நின்றால் சொல்லிக் கொடுத்த மற்றதெல்லாம் வீண்.

ரியூசன் முடிய "அம்மா அனுப்பினவ" என்று யாராவது ஓட்டோவில் வந்தால், வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லைக் கேட்க வேண்டும். தெரிந்த ஓட்டோ அண்ணை என்றாலும் கேட்க வேண்டும். சொல்லைப் பிள்ளைகளே தெரிவு செய்யட்டும். ஒருவருக்குச் சொல்லிவிட்டால் மாற்றிவிடுங்கள். கோணேசர் கோயில் சுவாமி நகர்வலம் வரும்போது கூட்டத்தில் தவறிப்போனால் தேடி அலையாமல், பிள்ளைகளோடு நிற்கும் ஒரு அம்மாவிடமோ பொலிஸிடமோ போகச் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கு இன்னொன்று உண்டு: கடல். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தப் பிள்ளைகளுக்குக் கதை மட்டும்தான். கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலும் பொங்கினாலும் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். எல்லா முறையும் அது முதலில் உள்வாங்கிக் காட்டாது. பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்பதையும் பேசி வையுங்கள். எங்களுக்கு அது ஊரின் மேட்டுப் பக்கமான உவர்மலையில் ஒரு சொந்தக்காரர் வீடு.

உங்கள் போன் நம்பரைப் பாட்டாகப் பாடமாக்கட்டும். இலங்கையில் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1929. ஆளில்லாத நேரம் கதவு தட்டினால் திறக்காமல் "அப்பா குளிக்கிறார்" என்று சொல்லலாம். அந்தப் பொய்க்கு எங்கள் வீட்டில் அனுமதி உண்டு.

நகையும் காசும் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சுமை பிள்ளைக்கு வேண்டாம், வகுப்பில் உளறியும் விடும்.