கறுப்புப் பெட்டியால் விபத்துக்கு முன்னால் ஏதாவது பிரயோசனம் உண்டா?

விழுந்த பிறகு தேடி எடுக்கிற பெட்டி, விழாமல் இருக்க எப்படி உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவை வெளிநாடு போகிறவர் போலத் தெரிகிறது. பயப்படாமல் ஏறுங்கள்.

நான் பைலட் இல்லை, எஞ்சினியரும் இல்லை. வளைகுடாவில் ஒரு விமானக் கம்பனியில் பறப்புத் தரவு பார்க்கிற பிரிவில் ஆறு வருசம் இருந்தேன். பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள், சண்டைக்கு மட்டும் வராதீர்கள்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) வாசலில் நின்றால் ஏழு கன்னியர் மலை தெரியும். 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வேண்டியது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைப் பிழையாகக் கணித்து, முன்கூட்டியே தாழ்ந்து, அந்த மலையில் மோதியது. இருந்த 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அம்மா அப்போது சிறுபிள்ளை, இடி என்று நினைத்தாராம். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான் அந்த வேலைக்குப் போனேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டி செம்மஞ்சள் நிறம். குறைந்தது கடைசி 25 மணி நேரப் பறப்பு அதில் இருக்கும். அன்றாடக் கண்காணிப்புக்குப் பெரும்பாலும் குவிக் அக்சஸ் ரெக்கோர்டர் என்ற இன்னொரு கருவி. உயரம், வேகம், எஞ்சின், சக்கரம் எப்போது இறங்கியது எல்லாம் அதிலும் பதியும், சுலபமாக எடுத்துவிடலாம். 27,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களை ஓட்டும் கம்பனிகள் இந்தத் தரவை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்பது 2005 முதல் சர்வதேச விதி.

ஒரு தடவை, ஒரே ஓடுபாதைக்கு வரும் எங்கள் விமானங்கள் ஆயிரம் அடி உயரத்துக்கு இறங்கிய பிறகும் வேகம் குறையாமல் வருவது திரையில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. யாரோ ஒரு கப்டனின் அவசரம் என்றுதான் நினைத்தேன். எங்களுக்குப் பெயர் காட்டமாட்டார்கள். பெயர் தெரிந்தவர் பைலட்மார் நம்பி ஒப்புக்கொண்ட ஒரே ஒருவர். அவரிடம் கேட்டால், "எல்லாம் வேறு வேறு ஆட்கள்" என்றார். பிறகு பார்த்தால், கட்டுப்பாட்டுக் கோபுரம் அங்கே எல்லோரையும் கடைசிவரை உயரத்தில் பிடித்து வைத்திருக்கிறது. அவர்களோடு பேசினார்கள், பைலட்மாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். இரண்டு மாதத்தில் திரையில் அந்த வேகக் கோடு சீரானது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. இருந்திருந்தால் அடுத்த தடவை யாரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள்.

லீவில் வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். "பேரே போடாமலா கணக்கு எழுதுறாங்க?" என்று சிரித்தார். முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். 19 கிலோ நிறுத்தால் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்து 16 எழுதுவார்கள், பிறகு கிலோ காணாது என்று அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். நியாயம் கேட்டால் அடுத்த நாள் கொழுந்து இல்லாத மலைக்கு அனுப்புவார்கள். எல்லாத் தோட்டமும் இப்படி என்று நான் சொல்லவில்லை, எங்கள் தோட்டத்தைச் சொல்கிறேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். அப்புறம் டிஜிட்டல் தராசு வந்தது. அதிலும் எண் தெரிகிற பக்கத்தைக் நிறையை எழுதுகிற கணக்கப்பிள்ளையின் பக்கம்தான் திருப்பி வைத்திருந்தார்கள்.