லாயத்தில் பரி, வெளியில் நரி

வணக்கம் ஐயா,

தாராபுரம் பக்கம் விவசாயம் செய்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு தரகர் மூலமாக ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்றை வாங்கினேன். ஆறு வயது, காயடித்த ஆண். கிண்டியில் ஓடியது என்றார்கள். ராஜா என்று பெயர் மாற்றியிருக்கிறோம். தென்னந்தோப்புக்குள் சவாரி போனால் குழந்தை மாதிரி நடக்கிறது. தோப்பைத் தாண்டி, காற்றாலைகள் நிற்கும் வெட்டவெளிக்குப் போனால் தலையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் நிற்பதில்லை. இரண்டு தடவை விழுந்துவிட்டேன். மாணிக்கவாசகர் கதை மாதிரி லாயத்தில் பரி, வெளியில் நரி. சூதாட்டத்தில் வளர்ந்த புத்தி போகாது, முள் கடிவாளம் போடுங்கள் என்கிறார் தரகர். நெற்றிச் சுழி சரியில்லை என்கிறார் இன்னொருவர். பெயரை மாற்றியது தப்போ என்றும் தோன்றுகிறது. தினம் ஐந்து கிலோ கொள்ளு வைக்கிறேன், தீனியில் குறை இல்லை. ஊட்டியில் குதிரைகளோடு பழகியதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். இதைத் திருத்த முடியுமா?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

மணிக்கட்டு வலிக்காக ஒரு மாதமாகப் பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு பெண் என் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, "பிடிங்க சார், இப்ப விடுங்க" என்பார். பிடிப்பது எனக்குச் சுலபமாக வருகிறது. விடுவதுதான் வரவில்லை. விட்டுவிட்டதாக நினைப்பேன், அவர் என் விரலைத் தொட்டுக் காட்டுவார், இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும். நேற்று அங்கிருந்து வந்துதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நெற்றி மயிர் சுழன்று வளர்ந்ததால் எந்தக் குதிரையும் ஆளைத் தள்ளியதில்லை. பெயரை என்ன வேண்டுமானாலும் வையுங்கள். ரேஸ் புத்தகத்தில் அச்சான பெயர் அந்தக் குதிரைக்குத் தெரியவே தெரியாது.

முள் கடிவாளத்துக்கு வருவோம். பாரமிழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளே முள் வைத்த கடிவாளம் கூடாது என்கின்றன. சட்டத்தை விடுங்கள். வாயில் வலி வந்தால் குதிரை என்ன செய்யும்? அதற்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஓட்டம். ஓடுகிறதே என்று வலிக்க வைப்பீர்கள், வலிக்கிறதே என்று அது இன்னும் ஓடும். வாங்கியிருந்தால் கிணற்றில் போடுங்கள். வேண்டாம், கிணறு பாவம், பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். அந்தத் தரகரிடம் இனி ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்காதீர்கள்.

அப்புறம் அந்தச் "சூதாட்டப் புத்தி". பந்தயம் கட்டியது யார்? குதிரையா? 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல்தான் தீர்ப்பு வந்தது. இது அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டம் இல்லை, குதிரைக்குக் கொடுத்த பயிற்சியும் ஜாக்கியின் திறமையும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்றார்கள் நீதிபதிகள். உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட திறமையை நீங்களும் உங்கள் தரகரும் கெட்ட புத்தி என்கிறீர்கள்!

ஒரு ரேஸ் குதிரையின் வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டு வயது முடியும் முன்பே முதுகில் ஆள் ஏறிவிடுகிறான். நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் போக மீதி நேரமெல்லாம் லாயத்துக்குள். விடியற்காலையில் வெளியே கொண்டுவந்தால் எதிரே திறந்த தரை, பக்கத்தில் வேறு குதிரைகள், அப்புறம் ஓட்டம். மறைப்பு இல்லாத வெளியை அது வேறு எதற்காகவும் பார்த்ததில்லை. உங்கள் தென்னந்தோப்பு அதற்குப் புது இடம். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதனால் சும்மா நடக்கிறது. வெட்டவெளிதான் அதன் ஆபீஸ். அங்கே நுழைந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுகிறது.

தொண்ணூறுகளில் மூன்று வருடம் ஊட்டியில் வேலை பார்த்தேன். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைக் குதிரையேற்றிச் சம்பாதித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பழக்கமானார். அதற்கு முன்பு இருபது வருடம் ரேஸ் லாயங்களில் இருந்தவர், தினமும் விடியற்காலை ஓட்டத்துக்குக் குதிரை ஏறியவர். அவருடைய இரண்டு கையிலும் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கிலேயே காய்ப்பு இருக்கும், மஞ்சள் பூத்து, கொண்டைக்கடலை அளவுக்கு. கடிவாள வார் அந்த இடுக்கு வழியாகத்தான் போகுமாம். வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் அது கரையவில்லை. டீ கிளாசைப் பிடிக்கும்போதுகூட அந்த இரண்டு விரலை விலக்கி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால்தான் பிடிப்பார்.

அவரிடம் ரேஸில் ஓடிய செம்பழுப்புக் குதிரை ஒன்று இருந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு அதைத் தரமாட்டார். நான் நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது மைல் பக்கம் வென்லாக் டவுன்ஸ் புல்மேட்டுக்குப் போனோம். நான் அதில், அவர் ஒரு மட்டக்குதிரையில். "கையை லூசா வைங்க சார்" என்று இரண்டு தடவை சொன்னார். சோலை ஓரத்தைத் தாண்டி மேடு திறந்ததும் குதிரையின் காது இரண்டும் முன்னால் விறைத்தன. எனக்குக் கீழே அது இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது. பயந்துபோய் முன்னால் குனிந்தேன், முழங்காலை இறுக்கினேன், இரண்டு கையாலும் வாரை இழுத்துப் பிடித்தேன். அவ்வளவுதான், மேகம், புல், என் சத்தம் எல்லாம் பின்னால் போய்விட்டன.

பெரியவர் துரத்தி வரவில்லை. மட்டக்குதிரையைத் திருப்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நிறுத்திவிட்டு, அது மேய ஆரம்பித்ததும் பீடி பற்றவைத்திருக்கிறார். கை எரிச்சல் தாங்காமல் நான் வாரை விட்டுப் பிடரியைக் கட்டிக்கொண்டேன். குதிரை இன்னும் கொஞ்சம் ஓடி, வேகம் குறைந்து, பெரிய வட்டமாக வளைந்து மட்டக்குதிரையிடமே வந்து நின்றது. "துரத்தியிருந்தா ரேஸுன்னு நெனச்சிருக்கும்" என்றார். அப்புறம் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓடுன்னு சொன்னீங்க, ஓடிச்சு. நில்லுன்னு எப்ப சொன்னீங்க?" என்றார். எனக்கு வந்த கோபம் ஒரு வாரம் தணியவில்லை.

டிவியில் ஒரு ரேஸைப் பாருங்கள், அவர் சொன்னது புரியும். ஜாக்கி, கால் வைக்கும் அங்கவடியைக் குட்டையாக்கி, சேணத்தில் உட்காராமல், முன்னால் குனிந்து, வாரை இறுக்கமாகப் பிடித்திருப்பார். அந்த இறுக்கத்தின் மேல் குதிரை தன் வாயைச் சாய்த்துக்கொண்டு ஓடுகிறது, வண்டிக்காரர் தோளைக் கொடுத்து வண்டி தள்ளுகிற மாதிரி. பிடி இறுகினால் அது இன்னும் சாயும், இன்னும் வேகமாகப் போகும். முடிவுக்கோடு தாண்டியதும் ஜாக்கி எழுந்து நின்று கையைத் தளர்த்துவார், குதிரை மெதுவாகும். இப்போது பயந்தவன் குதிரைமேல் எப்படி இருப்பான் என்று யோசியுங்கள். குனிவான், காலை இறுக்குவான், இரண்டு கையாலும் இழுப்பான். அச்சு அசலாக ஜாக்கி! நீங்கள் "ஐயோ நில்லு" என்கிறீர்கள், அதற்கு "ஓடுடா கண்ணா" என்று கேட்கிறது. நரி என்று திட்டினீர்களே, அந்த நரியாவது ராத்திரியில் தன் சுபாவத்துக்குத் திரும்பியது. உங்கள் குதிரை சொன்ன பேச்சைக் கேட்டு ஓடுகிறது. அதற்குத் திட்டும் வாங்குகிறது.

நாலு கால் பாய்ச்சலில் போகும்போது வாரை அப்படியே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் பிழைத்தது அதிர்ஷ்டம். ஒரு பக்க வாரை மட்டும் வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள், குதிரையும் நீங்களும் சேர்ந்து உருளுவீர்கள். நிமிர்ந்து உட்காருங்கள், பிடித்து விடுங்கள், மறுபடி பிடித்து விடுங்கள், இடம் இருந்தால் பெரிய வட்டமாக வளையுங்கள். சாய்ந்துகொள்ள நிலையான இறுக்கம் கிடைக்கக் கூடாது, விஷயம் அவ்வளவுதான். இதையெல்லாம் வேலி போட்ட சின்ன இடத்தில், நடையில், நூறு தடவை பழகிய பிறகுதான் வெளியே போக வேண்டும். ஹெல்மெட் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு தடவை விழுந்த மனிதர்!

நீங்கள் கேட்டது திருத்த முடியுமா என்றுதானே? முடியும், ஆனால் கொஞ்ச நாள் ஏறவே ஏறாதீர்கள். ஐந்து கிலோ கொள்ளு எதற்கு? வேலையே இல்லாத குதிரைக்குப் பந்தயத் தீனி போட்டுவிட்டு, துள்ளுகிறதே என்று எனக்குக் கடிதம் போடுகிறீர்கள். நாளைக்கே நிறுத்திவிடவும் வேண்டாம், வயிற்றுவலி வந்துவிடும். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, அந்த இடத்தில் காய்ந்த புல்லை நாள் முழுக்கக் கிடைக்கும்படி வையுங்கள். ரேஸ் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் சகஜம். மருத்துவரைக் கூப்பிட்டு வயிறு, பல், முதுகு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சேணம் பொருந்தாமல் முதுகு வலித்தாலும் குதிரை இப்படி ஓடும்.

உங்கள் ஊரில் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, இருக்கும்போது நீங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? கிளுவை வேலி போட்ட ஒரு காட்டில், சாதுவான நாட்டுக்குதிரை ஒன்றைத் துணைக்கு விட்டு, மூன்று மாதம் சும்மா மேயவிடுங்கள். அங்கே வளரும் கொழுக்கட்டைப் புல்லை மட்டும் நம்பினால் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து குறையும், குதிரைமசால் என்ற தீவனப் பயிரையும் கொஞ்சம் அறுத்துப் போடுங்கள்.

தினம் சாயங்காலம் அந்தக் காற்றாலை வெளிக்கு அதை நடத்திக் கூட்டிப்போங்கள். நீங்களும் நடந்துதான், கயிறு தொய்வாக. காது விறைத்தால் நின்றுகொள்ளுங்கள், திரும்பி வந்துவிடுங்கள், மறுநாள் பத்தடி கூடப் போங்கள். அந்த வெட்டவெளியில் அது தலையைத் தாழ்த்தி ஒரு வாய் புல் கடித்தால், அன்றைக்கே எனக்கு எழுதுங்கள்.