பழைய சீனக் கண்ணாடியும் தூபக்காலும்: கேட்டவர்களுக்குப் பதில்

அண்ணா, ஏலத்தில் மஞ்சள் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, அடியில் 18-ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியான்லோங்கின் முத்திரை. விலை சல்லிசு. வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. 'சியான்லோங் காலத்தில் செய்தது' என்று பொருள்படும் நாலு சீன எழுத்தை நேற்றுகூடச் செதுக்கியிருக்கலாம். விற்பவரிடம் அடிவிளிம்பைப் பெரிதாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல தலைமுறை மேசைமேல் நகர்ந்த கிண்ணத்தில் கீறல்கள் ஆழமும் மெல்லிசுமாய்க் கண்டபடி ஓடும். எல்லாம் ஒரே பக்கமாக வரிசையில் நின்றால் உப்புத்தாள் வேலை. மஞ்சள் அரசருக்குரிய நிறம்தான், ஆனால் பிற்காலத்தில் அதையும் சந்தைக்குச் செய்து தள்ளினார்கள்.

அரண்மனைக் கண்ணாடியை வெள்ளைக்காரர் செய்தாராமே?

பாதி உண்மை. 1696-இல் காங்சி பேரரசர் பெய்ஜிங்கில் பட்டறை தொடங்கியபோது பொறுப்பேற்றவர் கிலியான் ஸ்டம்ப் என்ற ஜெர்மானியப் பாதிரியார். ஊதியதும் செதுக்கியதும் பெரும்பாலும் ஷான்டாங்கின் போஷானிலிருந்தும் குவாங்சோவிலிருந்தும் வந்த சீனத் தொழிலாளர்கள்.

என் பழைய கிண்ணம் வியர்க்கிறது, தொட்டால் வழுவழுவென்று ஒட்டுகிறது. என்ன செய்வது?

அது கண்ணாடி நோய். கலவையில் சுண்ணாம்பு குறைந்து காரம் (சோடா, பொட்டாஷ் உப்பு) கூடிப்போனால், காற்றின் ஈரம் அந்தக் காரத்தை வெளியே இழுக்கும். பிறகு சிலந்தி வலைபோல் நுண்விரிசல். காங்சி காலக் கண்ணாடியிலேயே இது உண்டு. குணப்படுத்த முடியாது; ஈரப்பதம் ஏறி இறங்காத அலமாரியில் வையுங்கள்.

மாமா தந்த வெண்கலத் தூபக்கால், 15-ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சுவாண்டேயின் முத்திரையோடு. கறுத்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

ஐயோ, வேண்டாம் அம்மா! அது குத்துவிளக்கு இல்லை. அந்தத் தேயிலைப் பழுப்பு நிறத்துக்காகத்தான் இதைத் தேடி வாங்குகிறார்கள், புளி பட்டால் போயே போச்சு. சயாமிலிருந்து வந்த உலோகத்தில் 1428-இல் வார்த்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கதை. ஆனால் அந்த முத்திரையோடு இன்று கைக்கு வருபவை அநேகமாக 17-ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிந்தியவையும்தான். அதனால் மட்டமானவை என்று நினைக்காதீர்கள், சிலது அருமையான வார்ப்பு.

கண்ணாடித் தூபக்காலில் சாம்பிராணி போடலாமா?

அந்தக் காலத்தில் கரியைச் சாம்பலுக்குள் புதைத்து, மேலே மைக்காத் தகடு வைத்து, அதில் வாசனைப் பொருளைச் சூடாக்குவார்கள். தணல் பாத்திரத்தைத் தொடாது. நம் வீட்டுத் தணலை நேராகக் கொட்டினால் கண்ணாடி விரிசல் விடும். சும்மா பார்த்து ரசியுங்கள்.