ட்ரஸ்டி தேர்தலில் நிற்கலாமா? தென்னாப்பிரிக்க வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

குடியிருப்பை நடத்தும் குழுவினரான ட்ரஸ்டிகளைத் தேர்ந்தெடுக்கும் ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) நெருங்குகிற நேரம் என்பதால் டர்பன், வெருலம், டோங்காட், மிட்ராண்ட் பக்கமிருந்து ஒரே மாதிரி கேள்விகள் நிறைய வருகின்றன. பதிலுக்கு முன்னால் எல்லாருக்கும் ஒன்று. உங்கள் குடியிருப்பு எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிளாட்டோ டவுன்ஹவுஸோ செக்‌ஷனல் டைட்டிலில் (அவரவர் வீடு அவரவருக்கு, பொது இடம் எல்லாருக்கும் கூட்டாகச் சொந்தம்) இருந்தால் அது பாடி கார்ப்பரேட், அதாவது உரிமையாளர் எல்லாரும் உறுப்பினராக இருக்கும் அமைப்பு. அதற்கு 2011ல் இயற்றி 7 அக்டோபர் 2016 முதல் நடைமுறையில் இருக்கும் தனிச் சட்டமும், அதன் நிர்வாக விதிகளும் உண்டு. தனித்தனி மனை, சுற்றிலும் வேலி, வாசலில் காவல் என்றிருந்தால் அநேகமாக அது வீட்டு உரிமையாளர் சங்கம். அங்கே சங்கத்தின் சொந்த அமைப்பு விதிதான் பேசும், கம்பெனியாகப் பதிந்திருந்தால் 2008 கம்பெனிச் சட்டமும் சேர்ந்து பேசும். பக்கத்து எஸ்டேட்டில் சொன்னார்கள் என்று இதை அதோடு குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

"ட்ரஸ்டியாக நிற்க ஆசை. எங்கே, எப்படி மனு கொடுப்பது? மேனேஜிங் ஏஜெண்ட் (நிர்வாகத்தைக் கவனிக்க அமர்த்தியவர்) 'கூட்டத்திலேயே கையைத் தூக்கினால் போதும்' என்கிறார்." – வெருலம் வாசகி

அதை நம்பி உட்காராதீர்கள் அக்கா. பாடி கார்ப்பரேட்டில் ஓர் உறுப்பினர் உங்கள் பெயரை எழுத்தில் முன்மொழிய வேண்டும், உங்கள் சம்மதமும் எழுத்தில் இருக்க வேண்டும், அந்தத் தாள் கூட்டம் தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் பாடி கார்ப்பரேட்டின் அதிகாரபூர்வ முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும். போதிய பெயர்கள் வராவிட்டால் மட்டும்தான் கூட்டத்தில் மேற்கொண்டு பெயர் கேட்பார்கள். இமெயிலில் அனுப்பி 'கிடைத்தது' என்று ஒரு பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கூட்டத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வர வேண்டும், அது கைக்கு வந்த அன்றே மனுவை எழுதிவிடுவது நல்லது. நிதியாண்டு முடிந்த 4 மாதத்துக்குள் ஏஜிஎம் நடந்தாக வேண்டும் என்பதால் தேதியை நீங்களே கிட்டத்தட்டக் கணக்குப் போட்டுவிடலாம்.

ஜெயித்தால் உடனே சேர்மன் ஆவோமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ட்ரஸ்டிகள் தங்கள் முதல் கூட்டத்தில் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

"3 மாத லெவி (மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம்) பாக்கி. ஓட்டே கிடையாது என்று சொல்லி வாயை அடைக்கிறார்கள்." – ஃபீனிக்ஸ் வாசகர்

பாக்கி இருப்பதாலேயே பாடி கார்ப்பரேட்டில் ஓட்டு போய்விடாது. கட்டச் சொல்லி நீதிமன்றமோ அட்ஜுடிகேட்டரோ (தகராறைத் தீர்க்கும் நடுவர்) உத்தரவு போட்டு, அதற்கு அப்புறமும் கட்டாமல் இருந்தால்தான் சாதாரணத் தீர்மானங்களில் ஓட்டு நிற்கும். 75 சதவீத ஆதரவு வேண்டிய விசேஷத் தீர்மானங்களில் அப்போதும் உண்டு. வீட்டு உரிமையாளர் சங்கமென்றால் இது வேறு மாதிரி இருக்கலாம், அமைப்பு விதியைப் பாருங்கள்.

ஆனால் நிற்பதற்கு முன்னால் அந்தப் பாக்கியைக் கட்டிவிடுங்கள், முடியாவிட்டால் தவணை ஒப்பந்தமாவது போடுங்கள். சட்டம் விட்டாலும் அக்கம்பக்கம் விடாது. மற்றவர்களிடம் லெவி வசூலிக்க வேண்டிய நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள்.

"ஒரே பெரியவர் வருஷாவருஷம் பத்துப் பதினைந்து ப்ராக்சியோடு (வராதவர்களுக்காக ஓட்டுப் போடும் அதிகாரத் தாள்) வந்து தன் ஆட்களையே உட்கார வைக்கிறார். எதிர்த்து நின்று என்ன பயன் அண்ணா?" – டர்பன் வாசகர்

செக்‌ஷனல் டைட்டில் என்றால் ஒருவர் இரண்டு உறுப்பினர்களுக்கு மேல் ப்ராக்சியாக இருக்கக் கூடாது. சட்டத்திலேயே இருக்கிறது, 6ஆம் பிரிவு. பத்துப் பதினைந்தை அவர் வைத்திருக்கிறார் என்றால், யாரும் எழுந்து கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். ஓட்டெடுப்புக்கு முன்னால், மரியாதையாக, "ப்ராக்சி படிவங்களைக் காட்டுங்கள், யார் யாருக்காக என்று வாசியுங்கள், மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) எழுதுங்கள்" என்று கேளுங்கள். ஓட்டு எண்ணி முடித்த பிறகு கேட்டால் வீண் சண்டையாகத்தான் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு அந்தத் தாள்கள் எப்படிக் கிடைத்தன? வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். நீங்களும் தட்டுங்கள். வயதான ஆயாக்கள், ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஜோபர்க் போய்விட்டவர்கள், இவர்களை யாரும் கேட்பதே இல்லை. வீட்டை இருவர் பெயரில் வாங்கியிருக்கும் கணவன் மனைவிக்கு ஓர் ஓட்டுதான், அதைப் போட யார் என்று இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் போகிறபோதே சொல்லிவிடுங்கள். நான்கோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள இடத்தில் மொத்த ஓட்டு மதிப்பில் (ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கின்படி கணக்கிடுவது) மூன்றில் ஒரு பங்கு வந்தால் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, சேர்ந்துவிடுகிறது. வராவிட்டால் கூட்டம் அடுத்த வாரம் அதே நாளுக்குத் தள்ளிப்போகும், அன்றைக்கு வந்திருப்பவர்களை வைத்தே நடத்திவிடலாம். அந்த இரண்டாவது கூட்டத்துக்கு நம்மவர்கள் வருவதே இல்லை, அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

"மிட்ராண்டில் வாடகைக்கு இருக்கிறேன். சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவன். நிற்கலாமா?"

பாடி கார்ப்பரேட்டில் ட்ரஸ்டி உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓர் உறுப்பினர் உங்களை முன்மொழிந்தால் போதும். உரிமையாளர் சங்கத்தில் அமைப்பு விதி தடுக்கலாம்.

"கூட்டத்தில் என்ன பேசினால் ஓட்டு விழும்? எல்லாரும் 'லெவியைக் குறைப்பேன்' என்கிறார்கள்."

தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். கணக்கைப் பார்க்காமல் கொடுக்கும் அந்த வாக்குறுதியால் எத்தனையோ குடியிருப்புகளில் கூரை ஒழுகிக்கொண்டிருக்கிறது. உறுப்பினர் என்ற முறையில் எழுதிக் கேட்டால் ஆவணங்களைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டு வாங்கி மூன்றைப் பாருங்கள்.

முதலாவது ரிசர்வ் ஃபண்ட், அதாவது பெரிய பராமரிப்பு வேலைகளுக்கான சேமிப்பு. போன ஆண்டு முடிவில் அதிலிருந்த பணம், அந்த ஆண்டில் நிர்வாக நிதிக்கு (அன்றாடச் செலவுக்கானது) வசூலான தொகையில் 25 சதவீதத்துக்கும் குறைவென்றால், இந்த ஆண்டு நிர்வாக நிதிக்குத் திட்டமிட்ட தொகையில் குறைந்தது 15 சதவீதத்தை ரிசர்வுக்கும் ஒதுக்கியாக வேண்டும். அடுத்து 10 ஆண்டுப் பராமரிப்புத் திட்டம். பெயருக்கு ஒரு தாளா, இல்லை பெயின்ட், கூரை, லிஃப்ட், தடுப்புச் சுவர் என்று உருப்படி உருப்படியாகத் தொகை போட்டிருக்கிறதா? மூன்றாவது இன்சூரன்ஸ். கட்டடத்தைத் திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்ற மதிப்பீட்டைக் குறைந்தது 3 ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் நம் குவாசூலு-நடால் மாகாணத்தில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கலவரச் சேதத்துக்கு சஸ்ரியா காப்பீடு தனி, அது பாலிசியில் இருக்கிறதா என்று தேடுங்கள். மதிப்பீடு பழசாக இருந்து ஒரு பிளாக் சரிந்தால், குறையும் பணம் எல்லார் பாக்கெட்டிலிருந்தும் போகும்.

இந்த மூன்றில் எது சரியில்லையோ அதை எடுத்து, ரேண்டில் தொகையோடு இரண்டே நிமிஷம் பேசுங்கள். அதற்கு ஓட்டு விழும்.

"என் மச்சான் பெயின்ட் கான்ட்ராக்டர். நான் ட்ரஸ்டியானால் அவருக்கு வேலை கொடுக்கக் கூடாதா?"

அவர் கொட்டேஷன் கொடுக்கலாம். ஆனால் உறவையும், அதில் உங்களுக்கு இருக்கும் லாபத்தையும் மற்ற ட்ரஸ்டிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அந்த முடிவில் நீங்கள் ஓட்டுப் போடாதீர்கள், என்னைக் கேட்டால் அந்த நேரம் அறையை விட்டே வெளியே போய்விடுங்கள். மறைத்து ஆதாயம் அடைந்தால் அந்தத் தொகையை பாடி கார்ப்பரேட் உங்களிடமே திரும்பக் கேட்க முடியும்.

"சம்பளம் உண்டா?"

உறுப்பினரான ட்ரஸ்டிக்கு, விசேஷத் தீர்மானம் போட்டாலொழிய கிடையாது. நியாயமான கைச்செலவைத் திரும்ப வாங்கலாம்.

"ஆடியில் கூழ் ஊற்ற பொது இடம் தருவதில்லை. இதை வைத்தே நிற்கப் போகிறேன்." – சாட்ஸ்வொர்த் வாசகி

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஒரு நாள் பொது இடத்தைப் பயன்படுத்த ட்ரஸ்டிகளிடம் அனுமதி கேட்பது ஒரு வழி, விதியையே மாற்றுவது வேறு வழி. நடத்தை விதியை மாற்ற 30 நாள் முன்னறிவிப்பும், கூட்டத்தில் எண்ணிக்கையிலும் மதிப்பிலும் 75 சதவீத ஆதரவும், அப்புறம் குடியிருப்புத் தகராறுகளைக் கவனிக்கும் அரசின் ஆம்பட்ஸ்மன் சேவையான சிஎஸ்ஓஎஸின் ஒப்புதலும் வேண்டும். ட்ரஸ்டிகள் மட்டும் கூடி மாற்ற முடியாது. விதி எல்லா உரிமையாளருக்கும் ஒரே மாதிரி பொருந்த வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே ஈத், கிறிஸ்துமஸ், காவடி, கூழ் எல்லாவற்றுக்கும் சேர்த்து நேரம், சத்தம், சுத்தம் பற்றி ஒரே விதியாக எழுதிக்கொண்டு போங்கள், பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பமும் கையெழுத்துப் போடும்.

"இந்த வம்பெல்லாம் நமக்கெதற்கு என்கிறார் என் கணவர்."

நம் தாத்தா பாட்டி எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை அவர்களைக் கேட்காமலே 1950ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் முடிவு செய்தது, 1991ல்தான் அது போனது. வீட்டைப் பற்றிய முடிவில் நமக்கும் ஒரு குரல் இருப்பதை நான் வம்பாக நினைக்கவில்லை. அவரையும் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள்.

"கொஞ்ச ஓட்டில் தோற்றேன். எண்ணியதே சரியில்லை."

முதலில் மினிட்ஸையும், வருகைப் பதிவையும், ப்ராக்சி படிவங்களையும் எழுத்தில் கேளுங்கள். முறைகேடு தெரிந்தால் சிஎஸ்ஓஎஸிடம் போகலாம், ஆனால் ஒரு முடிவைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் மனுவை அந்த முடிவு எடுத்த 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஏஜெண்ட் பதில் தருவார் என்று காத்திருந்து அந்த நாட்களைக் கரைத்துவிடாதீர்கள். கேட்ட தேதியையும் அவர் தராததையும் எழுதி, மனுவோடு இணைத்து அனுப்பிவிடுங்கள்.